ஒன்றாகக் கிளம்புபவை

அலமாரியில் இருந்த சட்டைகளையெல்லாம் மூன்றாவது தடவையாக எடுத்துக் கட்டிலில் போட்டாள். வெள்ளை இருந்தது. கோடு போட்டது இருந்தது. விசேஷங்களுக்குப் போய்ப் போய்க் கறை பட்டு, இப்போது வீட்டோடு தங்கிவிட்டதும் இருந்தது. நீலத்தை மட்டும் காணோம்.

முன்னறையில் அவள் கணவர் படுத்திருந்தார். காலை ஏழு மணிக்கு, "கொஞ்சம் ஜன்னலைத் திற" என்றார். அவள் திறந்துவிட்டுத் திரும்புவதற்குள் போய்விட்டார். இதயம் பலவீனமாகிவிட்டது, எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும் என்று டாக்டர் நாலு மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தார். அதனால் யாரையும் குறை சொல்வதற்கில்லை. மாடி வீட்டு நர்ஸ் இறங்கி வந்து நாடி பார்த்தாள், கண்களை மூடினாள், ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டாள். போகும்போது மெதுவாகச் சொன்னாள்.

"சட்டை மாத்தறதா இருந்தா பதினோரு மணிக்குள்ள மாத்திடுங்கம்மா. அப்புறம் கை விறைச்சுப் போயிடும், மடங்காது."

இப்போது மணி ஒன்பதே கால்.

அவர் அவளிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். 'என்னை அந்த நீலச் சட்டையில அனுப்பு.' கிடங்கில் கொடுத்த வேலைச் சட்டை அது. இடது பக்கம் கம்பெனி தைத்த பை, வலது பக்கம் அவள் தைத்துக் கொடுத்த பை. அவள் தையல்காரி. பட்டையாக எழுதும் மார்க்கர் பேனா நிமிர்ந்து நிற்கிற மாதிரி ஒரு பை வேண்டும் என்று அவர் கேட்டு, ஐந்து முறை அளவு சொல்லி, ஆறாவது முறை அவள் கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் ஓய்ந்தார். சரி என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் மறுபேச்சுப் பேசாமல் சரி என்றது அந்த ஒரு தடவைதான்.

"கிடைச்சுதா?" என்று நாத்தனார் கதவோரம் வந்து நின்றாள். அவருக்கு அக்கா. பஸ் கண்டக்டராக முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள். அவள் காதோடு ரகசியம் பேசினாலும் கடைசி சீட் வரைக்கும் கேட்கும். தம்பியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று முந்தாநாள் வந்தவள்.

"இல்லக்கா."

"பெரிய கெட்டிலையும் காணோம். ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க. எதுல டீ போடறது, தலையிலயா? வண்டிக்காரன் வேற போன் பண்ணி, அடையாள அட்டை வேணும்னு சொல்றான். பேப்பரெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?"

"இரும்புப் பெட்டியில."

"பார்த்துட்டேன். காலிப் பெட்டி."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். இந்த வீட்டில் ஒரு பொருள் காணாமல் போவது என்பது இதுவரை நடந்ததில்லை. நடக்க அவர் விட்டதில்லை. தினமும் எடுப்பது இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில். கனமானது கீழே. வருஷத்துக்கு ஒரு தடவை எடுப்பது உச்சித் தட்டில். உப்பு அடுப்புக்கு வலப்பக்கம் நாலு விரற்கடை தள்ளி இருந்தது. அவள் வலது தோள் பிடித்துக்கொண்ட மறுநாளே இடப்பக்கம் போய்விட்டது. டாக்டருக்கு முன்னால் உப்பு டப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

அவருடைய வேலையே அதுதான். வீடுகளுக்குச் சாமான் அனுப்பும் பெரிய கிடங்கு. ஆர்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் ரேக் ரேக்காக நடந்து பொருள்களைப் பொறுக்கி வந்து பேக்கிங் மேசையில் வைப்பார்கள். எந்தப் பொருள் எந்த ரேக்கில், எந்தத் தட்டில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்வது இவர். "இது ஒரு வேலையா?" என்று அவள் கல்யாணமான புதிதில் கேட்டாள். "அங்க நடக்கறவங்க காலைக் கேட்டுப் பாரு" என்றார். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆட்களின் பின்னாலேயே நடந்து எத்தனை எட்டு வைக்கிறார்கள் என்று எண்ணி எழுதிக்கொள்வாராம். இடுப்புக்கு மேலே, தோளுக்குக் கீழே என்று ஓயாமல் சொல்லிச் சொல்லிக் கிடங்கில் அவருக்கு இடுப்பு சார் என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒருநாள் யாரோ ஒரு பெண் போனில், "இடுப்பு சார் இருக்காருங்களா?" என்று கேட்க, அன்றைக்கு இந்த வீட்டில் சோறு பொங்கவில்லை.

"கடைசியில கொஞ்சம் தடுமாறிட்டானோ என்னவோ," நாத்தனார் தணிந்த குரலில் சொன்னாள். "எதையோ எங்கயோ வச்சுட்டான். பாவம். வயசாகலைன்னாலும் நோவு சும்மா விடுமா?"

அது அவளைச் சுரீரென்று குத்தியது. செத்துப்போனார், சரி. எல்லாரும் ஒருநாள் போகிறவர்கள்தான். ஆனால் புத்தி கலங்கிப் போய், சட்டையை எங்கே வைத்தோம் என்று தெரியாமல், அதை அவளிடம் சொல்லவும் வெட்கப்பட்டுக்கொண்டு அவர் இந்தக் கடைசி நாள்களைக் கழித்திருந்தால்? அவள் பக்கத்திலேயே இருந்தும் கவனிக்காமல் விட்டிருந்தால்? அதை அவளால் தாங்க முடியாது.

ஏனென்றால், அவர் சொல்லத்தான் வந்தார். இரண்டு வாரத்துக்கு முன்னால் சமையலறை வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இந்தா, இதைக் கேட்டுக்கோ. அன்னிக்கு உனக்கு என்னென்ன தேவைப்படும்னா..." என்று ஆரம்பித்தார். எந்த அன்றைக்கு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சட்டென்று மிக்சியைப் போட்டாள். உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் மிக்சி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நல்லா அரைஞ்சிடுச்சு, நிறுத்து" என்று எழுந்து போய்விட்டார். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு கேட்டிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? தன் கையைத் தானே ஒடித்துக்கொள்ளலாம் போல ஆத்திரமாக வந்தது.

மறுபடி எழுந்து கட்டிலடியில் தேடினாள். குளியலறைக் கொக்கியில் தேடினாள். அழுக்குக் கூடையைக் கவிழ்த்தாள்.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் கிடங்கிலிருந்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் வந்தார். ஆறடி உயரம். கதவுக்குக் குனிந்து வந்தவர், முன்னறையில் படுத்திருந்தவரைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து, தேம்பித் தேம்பி அழுதார். அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைமை இவளுக்கு வந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முழுவதையும் குடித்துவிட்டு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"புது மேனேஜர் வந்தாரே, தெரியுமா அண்ணி? வந்த மொத வாரமே அண்ணனைக் கூப்பிட்டுக் கத்தறாரு. 'நோட்டுப் புத்தகத்துக்குப் பக்கத்துல சாக்ஸ் வச்சிருக்கீங்க. சாக்ஸுக்குப் பக்கத்துல தண்ணி பாட்டில். அதுக்குப் பக்கத்துல பேன் சீப்பு. இதென்ன குடோனா, குப்பைத் தொட்டியா? சாக்ஸும் சீப்பும் எங்கயா ஒண்ணு சேரும்?' அண்ணன் அலட்டிக்கவே இல்ல. 'பள்ளிக்கூடம் திறக்கற வாரத்துல சேரும் சார்'னாரு."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சின்ன வயசுலயே இப்படித்தான். பல்பொடியைக் கொண்டுபோய்ச் செருப்புகிட்ட வைப்பான்."

"அடுத்த வாரம் ஆர்டர் கொட்டுச்சு. எங்காளுங்க நாலு எட்டுல எடுத்துட்டு வந்து நின்னாங்க. அண்ணன் எனக்குச் சொன்னாரு, 'ஒரே மாதிரிப் பொருளை ஒரே இடத்துல வச்சா அது கடை. ஒண்ணாக் கிளம்பற பொருளை ஒண்ணா வச்சாத்தான் அது குடோன்'னு."

சொம்பை வாங்கக் கையை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

"ஒண்ணாக் கிளம்பற பொருளா?"

"ஆமா அண்ணி. அப்புறம் இன்னொண்ணு. ஒரு பொருளை வைக்கறதுக்கு முன்னாடி, எடுக்கப் போறது யாரு, எந்தக் கையால எடுப்பாங்கன்னு கேப்பாரு. எங்ககிட்ட ஒரு இடது கைக்காரி இருந்தா. அவளுக்காக ஒரு ரேக்கையே திருப்பி வச்ச மனுஷன்."

சட்டை காணோம். அடையாள அட்டை காணோம். பெரிய கெட்டில் காணோம். மூன்றும் எங்கே ஒன்று சேரும் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? இன்றைக்குச் சேரும். இந்த ஒரு நாளைக்குத்தான் சேரும்.

எடுக்கப் போவது யார்? அவள்தான். பிள்ளை குட்டி இல்லாத வீடு, வேறு யார் இருக்கிறார்கள்? எந்தக் கையால்? வலது தோள் தூக்காது. இடது கையால். எங்கே உட்கார்ந்தபடி? இதற்கு யோசிக்கவே தேவையில்லை. இந்த வீட்டில் அவள் உட்கார்கிற இடம் ஒன்றுதான்.

தையல் மிஷின் முன்னறையின் ஜன்னலோரம் இருந்தது. அவர் படுத்திருந்த இடத்திலிருந்து ஆறு எட்டு தூரம். அங்கே மட்டும் அவர் ராஜ்ஜியம் செல்லாது. மிஷினுக்கு இடப்பக்கச் சுவரில் ஒரு தட்டு, அதன் குறுக்கே பூப்போட்ட திரை, திரைக்குப் பின்னால் அவளுடைய வெட்டுத்துணிக் குவியல். "எனக்குத் தெரியும் எது எங்க இருக்குன்னு. இது வீடு, உங்க குடோன் இல்ல. அதுல கை வச்சா விரலையும் சேர்த்துத் தைச்சுடுவேன்" என்று அவள் எச்சரித்திருந்தாள். அவரைக் கவனிக்கவே நேரம் சரியாக இருந்ததால் ஒரு மாதமாக அவள் மிஷினில் உட்காரவில்லை. ஆனால் மத்தியானங்களில் அவர்தான் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தார். "இங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டால், "காத்து நல்லா வருது" என்பார்.

காத்து வருதாம்.

போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். இடது கையை நீட்டினாள். எழும்ப வேண்டியிருக்கவில்லை, குனிய வேண்டியிருக்கவில்லை. திரையை விலக்கினாள்.

வெட்டுத்துணியெல்லாம் நிறம் வாரியாக மடித்துக் கீழே ஒரு பெட்டிக்குப் போயிருந்தது. தட்டின் விளிம்பில் மார்க்கரால் எழுதிய சின்னச் சின்னக் காகிதங்கள் ஒட்டியிருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு வரைக்கும். ஒன்றில் ஓர் உறை: அடையாள அட்டை, டாக்டர் சீட்டு, வண்டி கம்பெனியின் நம்பர். இரண்டில் போன் செய்ய வேண்டியவர்களின் பட்டியல், கண்ணாடி போடாமல் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில். 'அக்காவிடம் கொடுத்துவிடு, அவளே எல்லாருக்கும் சொல்லிவிடுவாள், போன்கூடத் தேவைப்படாது' என்று அடியில் ஒரு வரி. நாலில் புது வெள்ளைப் போர்வை. ஐந்தில் பெரிய கெட்டில், அதற்குள்ளேயே டீத்தூள், சர்க்கரை, பிஸ்கட், இரண்டு கட்டு காகிதக் கப். ஆறில் அவள் தோளுக்குத் தடவும் களிம்பு.

மூன்றில் நீலச் சட்டை. துவைத்து, இஸ்திரி போட்டு, பொத்தானெல்லாம் அவிழ்த்துத் தயாராக இருந்தது. அதன்மேல் ஒரு நூல்கண்டு, அதே நீலம்.

நூல் எதற்கு என்று ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. சட்டையை விரித்துப் பிடித்ததும் புரிந்தது. நாலு மாதத்தில் அவர் பாதியாக இளைத்திருந்தார். இந்தச் சட்டை இப்போது அவருக்கு இரண்டு ஆள் சட்டை. அதைத் தொளதொளவென்று போட்டு அனுப்ப அவளுக்கு மனசு வராது, எப்படியும் பிடித்துத் தைக்காமல் விடமாட்டாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கே இந்த நிமிஷம்தான் தெரிந்தது.

"எங்க ஆளு தடுமாறல," என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். "அக்கா, உங்க தம்பி ஒண்ணும் தடுமாறல."

நாத்தனார் வந்து தட்டைப் பார்த்தாள். இரண்டாம் நம்பர்க் காகிதத்தை எடுத்துப் படித்தாள். "போன்கூடத் தேவைப்படாதாமே. கொழுப்பைப் பாரு இவனுக்கு!" என்றாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, கெட்டிலை மார்போடு அணைத்தபடி சமையலறைக்குள் போய்விட்டாள்.

மணி பத்து பத்து. அவள் சட்டையை உள்பக்கம் திருப்பினாள். அளவு நாடா அவளுக்குத் தேவைப்படவில்லை. தினமும் காலையில் கைத்தாங்கலாகத் தூக்கி உட்கார வைத்த உடம்பு. இரண்டு பக்கமும் மூன்று விரல் உள்ளே குண்டூசி குத்தினாள். நூலைக் கோத்துப் பெடலை மிதித்தாள். மிஷின் சத்தம் கேட்டதும் முன்னறையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தெருவில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஒருவர் வீடு மாறி வந்துவிட்டோமோ என்று எட்டிப் பார்த்தார். துக்க வீட்டில் தையல் மிஷின் ஓடுவதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்கட்டும் என்று அவள் நினைத்தாள். பக்கத் தையலை அக்குளிலிருந்து இடுப்பு வரை நேராக இறக்கினாள். கண்ணீர் வந்தது, துடைக்கக் கையை எடுத்தால் தையல் கோணிவிடும் என்று அப்படியே விட்டாள். மறுபக்கமும் முடித்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

மறுபடி இறங்கி வந்த நர்ஸும் ஃபோர்க்லிஃப்ட்காரரும் அவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கை மடங்கியது. இடது கை முதலில், பிறகு வலது. பொத்தான்களை அவளே போட்டாள். தோள் கச்சிதமாக உட்கார்ந்தது. வயிற்றுப் பக்கம் ஒரு மடிப்பு இல்லை.

"அண்ணன் வேலைக்குக் கிளம்பின மாதிரியே இருக்காரு," என்றார் ஃபோர்க்லிஃப்ட்காரர்.

வலப் பையில் மார்க்கர் பேனா இருந்தது. அதை எடுத்துப் பார்த்துவிட்டு, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று திருகி, அதிலேயே நிமிர்த்தி வைத்தாள். ஐந்து முறை அளவு சொன்னதில் தப்பில்லை. பேனா சாயாமல் நின்றது.

டீ வந்தது. சர்க்கரை போதவில்லை என்று யாரும் சொல்லவில்லை. வண்டி இரண்டு மணிக்கு வந்தது, வண்டிக்காரர் கேட்பதற்கு முன்னால் உறை அவர் கையில் இருந்தது. "இவ்வளவு சீக்கிரமா எந்த வீட்லயும் பேப்பர் கிடைச்சதில்லம்மா," என்றார் அவர். அவளுக்கு அந்த நேரத்திலும் பெருமையாக இருந்தது. கணவர் காதில் விழுந்திருந்தால் எத்தனை எட்டு மிச்சம் என்று கணக்குச் சொல்லியிருப்பார்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பிக் குளித்துவிட்டு வந்தபோது மணி ஐந்தரை. கடன் வாங்கிய நாற்காலிகள் மாடிக்குத் திரும்பியிருந்தன. ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. அவள் தோளில் களிம்பைத் தடவிக்கொண்டு மிஷின் நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையை ஒதுக்கினாள். தட்டு காலியாக இருந்தது. ஏழாம் நம்பர் மட்டும் பாக்கி. காலையில் இருந்த அவசரத்தில் அதை அவள் பார்க்கவில்லை. பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம்.

பிரித்தாள். டீ போடுகிற பாத்திரம். புதுசு, கடைச் சீட்டுகூட உரிக்கவில்லை. இத்தனூண்டு. ஒரு கைப்பிடி, ஒரு மூக்கு, உள்ளே ஒரு கப் தண்ணீருக்கு மேல் பிடிக்காது. இதை எப்போது வாங்கினார், யாரை விட்டு வாங்கினார் என்று தெரியவில்லை. எல்லாரும் போன பிறகு அவள் எழுந்து போய் யாருக்கு டீ போடுவாள், எவ்வளவு போடுவாள் என்று அந்த மனுஷன் இங்கே இந்த நாற்காலியில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

அதை மடியில் வைத்துக்கொண்டாள். கோபமாக வந்தது. ஆசையாகவும் இருந்தது. "போய்யா," என்றாள்.

சமையலறையில் நாத்தனார் டப்பாக்களை உருட்டிக்கொண்டிருந்தாள். உப்பு இருந்த இடத்தில் சர்க்கரையும் சர்க்கரை இருந்த இடத்தில் தீப்பெட்டியும் இருந்தன. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு எத்தனை மணி பஸ்க்கா உங்களுக்கு?"

"எந்த பஸ்?"

"ஊருக்கு."

"முப்பது வருஷம் ஊரையே ஏத்தி இறக்கினவ நான்," என்றாள் நாத்தனார், திரும்பாமலே. "நான் எப்ப இறங்கணும்னு எனக்கு யாரும் விசில் அடிக்க வேண்டாம். அங்க போய் மட்டும் என்ன, சுவத்துக்கா டிக்கெட் கொடுக்கப் போறேன்? எல்லாருக்கும் ஊத்திக் கொடுத்தியே, நீ ஒரு வாய் குடிச்சியா? டீயைப் போடு. எனக்குச் சர்க்கரை தூக்கலா."

அவள் சிரித்தாள். காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். உப்பு டப்பாவை இடது கையால் எடுத்து அடுப்புக்கு இடப்பக்கம் நாலு விரற்கடை தள்ளி வைத்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள்.

"ஏய், தோளை வச்சுக்கிட்டு என்ன சர்க்கஸ் இது? என்னத்தை எடுக்கணும், சொல்லு, நான் எடுக்கறேன்."

"எடுக்கலக்கா. வைக்கறேன்."

உச்சித் தட்டில், வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கும் பொருள்களுக்குப் பின்னால், சுவரை ஒட்டி அந்தச் சின்னப் பாத்திரத்தை வைத்தாள். இறங்கி, ஸ்டூலை அதன் இடத்தில் தள்ளிவிட்டு, பழைய பாத்திரத்தை எடுத்து இரண்டு கப் தண்ணீரை அளந்து ஊற்றினாள்.